வடசென்னையில் சமூகப் பதற்ற ஆய்வு: கேள்வித்தாள் எங்கே சறுக்குகிறது?

#1 மின்ட்_முனை

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இறுதியாண்டு ஆய்வு. இடம் காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர். வயது 18 முதல் 25. வீடு வீடாகப் போய் 300 பேரிடம் கேட்பதாகத் திட்டம். சமூகப் பதற்றத்துக்கு (நாலு பேர் முன் பேச, பழக வரும் மிகையான பயம்) லீபோவிட்ஸ் அளவுகோல் (24 கேள்வி), மனவடுவுக்கு (கோர நிகழ்ச்சி மனதில் விட்ட காயம்) பி.சி.எல். 5 (20 கேள்வி), மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ. 9.

மூன்று சந்தேகம். தமிழாக்கத்தை ஒருத்தர் செய்து கைடு பார்த்தால் போதுமா? கட்-ஆஃப் மதிப்பெண்ணை (இதைத் தாண்டினால் நோய் இருக்கலாம் என்ற கோடு) மூலத்தில் இருப்பது போலவே எடுக்கலாமா? மூன்று தாளையும் ஒரே உட்காரலில் கேட்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சொல்லுளி

தம்பி, முதல் வேலையா "சமூகப் பதற்றம்"ங்கிற சொல்லை மக்கள் கையில் போற தாளிலிருந்து எடுத்துடுங்க. "நீங்க எந்த சமூகம்?"னு கேட்டா நம்ம ஊர்ல அது ஜாதியைக் கேட்கிறது. "பதற்றம்"னா பேப்பர்ல வர்ற "அப்பகுதியில் பதற்றம், போலீஸ் குவிப்பு". ரெண்டையும் சேர்த்துப் போட்டா கலவர சர்வேன்னு கதவைச் சாத்திடுவாங்க. ஆய்வேட்டுத் தலைப்பில் இருக்கட்டும், தாளில் வேண்டாம்.

அடுத்து, பயத்துக்கு எந்தச் சொல். "வெட்கம்" வேண்டவே வேண்டாம். அச்சம், மடம், நாணம், பயிர்ப்புன்னு பாடம் நடத்தின மொழி இது. பொண்ணுங்க வெட்கம் இருக்குன்னு சொல்றதை நல்ல பேராத்தான் எடுத்துப்பாங்க, பசங்க இல்லவே இல்லைன்னுடுவாங்க. மதிப்பெண்ணில் ஆண் பெண் வித்தியாசம் வரும், அது நோயோட வித்தியாசமா இருக்காது, சொல்லோட வித்தியாசமா இருக்கும். "கூச்சம்" பரவாயில்லை, ஆனா பல்லும் கூசும், கண்ணும் கூசும். அதோட அது லேசான சொல். "பயம்"னு மட்டும் போட்டா "நான் யாருக்குப் பயப்படணும்?"னு பையன் நெஞ்சை நிமிர்த்துவான். உடம்புல நடக்கிறதையும் சேர்த்துக் கேட்டாத்தான் பதில் இறங்கும்: "படபடன்னு வருமா, நாக்கு ஒட்டிக்குமா, கை உதறுமா".

லீபோவிட்ஸ் 1987ல் எழுதினது அமெரிக்க கிளினிக்குக்கு. அப்படியே மொழிபெயர்த்தா என்ன ஆகும்னு பாருங்க:

4ஆவது கேள்வி, பொது இடத்துல மத்தவங்களோட சேர்ந்து குடிப்பது. "நாலு பேரோட சேர்ந்து குடிக்கிறது"ன்னு தமிழாக்கினா அது டாஸ்மாக். டீயா தண்ணியான்னு சொல்லியே ஆகணும்.

13ஆவது, பொதுக் கழிப்பிடத்தில் சிறுநீர் கழிப்பது. இங்கே ஒரு பொண்ணு "எப்பவும் தவிர்ப்பேன்"னு சொன்னா அதுக்குக் காரணம் நாத்தம், தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணி வராத குழாய். 3 மதிப்பெண் சும்மா ஏறிடும்.

7, 23 ரெண்டும் பார்ட்டி. போறதுக்கு கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்துன்னு மாத்தலாம். ஆனா 23 பார்ட்டி *கொடுப்பது*. 20 வயசுப் பையன் எங்கே விசேஷம் நடத்துவான்? "வீட்டு விசேஷத்துல வந்தவங்களை வாங்கன்னு கூப்பிட்டு உட்கார வைக்கிறது"ன்னு இறக்கலாம்.

22, வாங்கின சாமானைக் கடையில் திருப்பிக் கொடுப்பது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு போர்டு தொங்குற ஊர்ல இது பதற்றத்தை அளக்காது. ரேஷன் கடையில் "எடை கம்மியா இருக்கு, திரும்பப் போடுங்க"ன்னு கேட்கிறதுதான் அதுக்கு நிகர்.

ஒருத்தர் மொழிபெயர்த்து கைடு பார்த்தா போதாது. 2000ல் பீட்டன் குழு எழுதின முறைதான் இன்னிக்கும் வழக்கம்: ரெண்டு பேர் தனித்தனியா தமிழாக்கணும், அதில் ஒருத்தருக்கு இந்தத் துறை தெரியக் கூடாது. ரெண்டையும் இணைச்சு ஒண்ணாக்கணும். மூலத்தைப் பார்க்காத வேற ரெண்டு பேர் திருப்பி ஆங்கிலமாக்கணும். நிபுணர் குழு உட்காரணும். பிறகு 30, 40 பேரிடம் முன்சோதனை. அந்த முன்சோதனையில் பதில் முக்கியமில்லை. "இந்தக் கேள்வி என்ன கேட்குது, உங்க வார்த்தையில சொல்லுங்க"ங்கிறதுதான் முக்கியம். இதைத்தான் எல்லாரும் நேரமில்லைன்னு விட்டுடறாங்க.

#3 சராசரிக்கு_மேல

300 எங்கிருந்து வந்ததுன்னு தெரியுது. பரவல் (நூத்துல எத்தனை பேருக்கு இருக்குங்கிறது) 5 சதம்னு வெச்சு, கூடக்குறைய 2.5 சதத் துல்லியம், 95 சத நம்பகம்: 1.96-இன் வர்க்கம் × 0.05 × 0.95 ÷ 0.025-இன் வர்க்கம் = 292. ரவுண்டா 300. கணக்கு சரி, பொருத்தம் தப்பு. அது ஊர் முழுக்கச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தா மட்டும் செல்லும். நீங்க தெரு தெருவா எடுக்கறீங்க; ஒரே தெருக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போவாங்க. அதை ஈடுகட்ட ஆள் எண்ணிக்கையைப் பெருக்கணும், அந்தப் பெருக்கலுக்குப் பேர் வடிவமைப்பு விளைவு; அது 2னு வெச்சா 584. பத்துல ஒருத்தர் மறுப்பார்னு எடுத்தா 650 கதவு தட்டணும். ஆள் பலம் இல்லைன்னா 300லயே நில்லுங்க, ஆனா "பரவல்"ங்கிற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துட்டு "தொடர்பு"ன்னு போடுங்க.

கட்-ஆஃப். இங்கதான் பாதி ஆய்வேடு கவிழுது. லீபோவிட்ஸுக்கு 30, 60னு ரெண்டு கோடு. ரெண்டும் கிளினிக்குக்கு வந்தவங்களை வெச்சுப் போட்டது. தெருவுக்கு வந்தா என்ன ஆகுதுன்னு பாருங்க. கேள்வித்தாளோட உணர்திறன் (நோய் இருக்கறவங்களைச் சரியாப் பிடிக்கிறது) 80 சதம், தனித்திறன் (இல்லாதவங்களைச் சரியா விடறது) 80 சதம்னு வெச்சுப்போம், பரவல் அதே 5 சதம். 1000 பேரில் 50 பேருக்கு உண்மையில் இருக்கு, 40 பேரைத் தாள் பிடிக்கும். மீதி 950ல் 190 பேரைத் தப்பாப் பிடிக்கும். "பாசிட்டிவ்" மொத்தம் 230, அதில் நிஜம் 40. ஆறுல ஒருத்தர்தான். "வடசென்னை இளைஞர்களில் 23 சதவீதம் பேருக்கு மனநோய்"னு மறுநாள் பேப்பர்ல வந்தா யார் பொறுப்பு?

வழி: தாளில் கோட்டைத் தாண்டினவங்க எல்லாரையும், தாண்டாதவங்களில் குலுக்கல் முறையில் 10, 20 சதம் பேரையும், மதிப்பெண் தெரியாத ஒரு பயிற்சி பெற்றவர் மினி மாதிரியான கட்டமைப்பு நேர்காணலில் (நோயறிய வரிசையாக் கேள்வி வெச்சிருக்கிற நேர்காணல்) பார்க்கணும். பிறகு எடை கொடுத்துக் கணக்குப் போடணும். முடியாதுன்னா சராசரி, திட்ட விலக்கம் மட்டும் போடுங்க, ஆளை வகைப்படுத்தாதீங்க.

#4 கொண்டித்தோப்பு_கேரம்

அட்மின், இந்த இழையை மேலே குத்தி வைங்க.

#5 ஓ.பி._வரிசை

24 கேள்விக்கும் பயம் ஒரு தரம், தவிர்ப்பு ஒரு தரம்னு 48 பதில் வாங்கணும். அதுக்கு மேல பி.சி.எல்., பி.எச்.க்யூ. வாசப்படியில் நிக்கற ஆள் பத்தாவது கேள்விக்கப்புறம் எல்லாத்துக்கும் "1 போட்டுக்கோ"ன்னுடுவாங்க. நானாயிருந்தா ஸ்பின் எடுப்பேன், அதுவும் சமூகப் பதற்றத்தை அளக்கிற தாள்தான். கானர், டேவிட்சன் குழு 2000ல் வெளியிட்டது, 17 வரி, ஒவ்வொண்ணும் 0–4, மொத்தம் 68, மூலத்தில் கோடு 19. அதிலிருந்து எடுத்த மினி-ஸ்பின் மூணே வரி, கோடு 6. ஸ்பின்னுக்கு உரிமையாளர் அனுமதி வாங்கணும், பி.சி.எல். 5, பி.எச்.க்யூ. 9 ரெண்டுக்கும் தேவையில்லை.

ஒண்ணு கவனிங்க, ஸ்பின் கேட்கிறது போன ஒரு வாரத்தை. நோயறிதலுக்கு டி.எஸ்.எம். 5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட நோயறிதல் கையேடு) கேட்கிறது பொதுவா 6 மாசம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போ காசிமேட்டுல கேட்டா அந்த ஒரு வாரத்தில் பையன் ஏலக்கூடத்துப் பக்கமே போயிருக்க மாட்டான். அதே ஆளுங்ககிட்ட மறுசோதனையை ரெண்டு வாரம் கழிச்சு வைக்கும்போது தடைக்காலத்தின் விளிம்பு நடுவுல வராம பாருங்க. வந்துட்டா அளவுகோல் ஆடுதா, வாழ்க்கை ஆடுதான்னு சொல்ல முடியாது.

#6 சொல்லுளி

ஸ்பின்லயும் பொறி இருக்கு. முகம் சிவக்கிறதைப் பத்தி ஒரு வரி வரும். நம்ம ஆளுங்க முகம் சிவந்தா கோவம்னு அர்த்தம். "முகம் சூடாகிப் போறது"ன்னு போடறதா, "முகம் செத்துப் போறது"ன்னு போடறதான்னு குழுவில் உட்கார்ந்து சண்டை போட்டே ஆகணும். அங்கே சமாதானமாப் போனீங்கன்னா களத்துல அந்த வரி செத்த வரி.

#7 மின்ட்_முனை

ஸ்பின்னுக்கு மாறிவிட்டேன். இன்னொரு சிக்கல். ஸ்பின் முன்சோதனைத் தாள்களில் "அதிகாரிகளிடம் பேசப் பயம்" என்ற வரிக்குக் கிட்டத்தட்ட எல்லாரும் 3, 4 போட்டிருக்கிறார்கள். வேலை நேர்காணலுக்குப் போகிறவர்கள் ஏரியா பேரைச் சொல்லவே தயங்குவதாகவும் எழுதியிருக்கிறார்கள். இது நோயா?

#8 ஓ.பி._வரிசை

இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

டி.எஸ்.எம்.மில் ஒரு நிபந்தனை உண்டு: பயம் நிஜமான ஆபத்துக்கும் அந்த ஊர்ச் சூழலுக்கும் மிஞ்சினதா இருக்கணும். வியாசர்பாடி, புளியந்தோப்புன்னு விலாசம் சொன்னா எதிர்ல இருக்கிறவர் முகம் மாறும்னு ஒரு பையன் நினைக்கிறான். அது நடக்கவும் நடக்குது. அப்போ அது சரியான கணிப்பு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் பயப்படறதும் அப்படித்தான். இதை மதிப்பெண்ணில் சேர்த்தா ஊர் செய்யற அவமரியாதையை அந்தப் பையனோட மூளைக் கோளாறா எழுதி வெக்கறீங்க.

பிரிக்க ஒரு துணைக் கேள்வி போதும். 3, 4 விழுந்த வரிக்கு மட்டும் கேளுங்க: "அங்க போனா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?" பதிலை அப்படியே எழுதிக்கோங்க, நீங்க திருத்தாதீங்க. மூணு வகையா விழும்.

"கை நடுங்கறதைப் பாத்துருவாங்க, உளறிடுவேன், லூசுன்னு நெனைப்பாங்க": தன்னிடம் இருக்கிற குறை வெளியே தெரிஞ்சுடும்ங்கிற பயம். 1995ல் கிளார்க், வெல்ஸ்ங்கிற உளவியலாளர்கள் போட்ட கோட்பாடு இதைத்தான் விளக்குது. கவனம் உள்ளே திரும்பிடுது; எதிராளி எப்படிப் பாக்கறான்னு எதிராளியைப் பாத்துத் தெரிஞ்சுக்காம, தன் படபடப்பை வெச்சே முடிவு பண்ணிடறாங்க.

"நம்ம ஏரியான்னா திருடன்னுவாங்க": ஒதுக்கலைப் பத்தின கணிப்பு. தனிக் குறியீடு கொடுத்துத் தனியா எண்ணுங்க.

"மறுபடி அது நடந்துரும், அடி விழும்": இது ஆபத்து பயம், மனவடுப் பக்கம் போகணும். கூட்டத்தைத் தவிர்க்கிறவர் எல்லாரும் சமூகப் பதற்றக்காரர் இல்லை.

ஒருத்தர்கிட்டயே மூணும் கலந்து வரலாம். அப்போ மூணையும் குறிங்க, ஒண்ணைத் தேர்ந்தெடுக்காதீங்க.

#9 சராசரிக்கு_மேல

திறந்த பதிலைக் குறியிடறது சரி, ஆனா ஒருத்தரே குறியிட்டா அவர் நினைச்சதுதான் வரும். ரெண்டு பேர் தனித்தனியா, பாத்துக்காம, முதல் 50 தாளைக் குறியிடணும். காப்பா (ரெண்டு பேர் குறியீடும் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற அளவு) 0.7க்குக் கீழ வந்தா விதியைத் திருத்தி மறுபடி. அப்புறம் ஓ.பி. சார், மூணாவது வகையும் முதல் வகையும் பிரியும்னு நீங்க சொல்ற அளவுக்குச் சுலபமாப் பிரியாது. பள்ளியில் எல்லார் முன்னாடியும் அடி வாங்கினவனுக்கு அவமானமும் ஆபத்தும் ஒரே நிகழ்ச்சி.

#10 ஓ.பி._வரிசை

ஒத்துக்கறேன். 2000லயே ஹேக்மேன், கிளார்க், மெக்மேனஸ் இதைக் காட்டினாங்க: சமூகப் பதற்றம் உள்ளவங்க மனசுல திரும்பத் திரும்ப வர்ற படம், பெரும்பாலும் சின்ன வயசுல பட்ட ஏதோ ஒரு கேலி, அவமானத்தோட ஒட்டியிருக்கு. ஆனா பி.சி.எல். 5க்குள்ள அதை இழுக்க முடியாது. அதுக்கு டி.எஸ்.எம். 5 சொல்ற நிகழ்ச்சி வேணும்: சாவு, சாவு மிரட்டல், பலத்த காயம், பாலியல் வன்முறை. "காதல் புட்டுக்கிச்சு", "அரியர் விழுந்துச்சு"ன்னு மனசுல வெச்சுக்கிட்டு 20 வரிக்கும் பதில் சொன்னா 31–33ங்கிற கோட்டைத் தாண்டிடுவாங்க. அது மனவடு நோய் ஆகாது. அதனால நிகழ்ச்சிப் பட்டியலை முன்னால வெச்சு, ரொம்ப மோசமானது எதுன்னு ஒண்ணைக் குறிக்கச் சொல்லி, அதை வெச்சு மட்டும் கேளுங்க.

எண்ணூர்ல கேட்கும்போது கவனம். 2023 டிசம்பர் 26 ராத்திரி அமோனியா கசிஞ்சு மூச்சுத் திணறி, கைக்குழந்தையோட தெருவுக்கு ஓடினவங்க கதை உயிர் பயம். அது பட்டியல்ல சேரும். அதே மாசம் மிக்ஜாம் வெள்ளத்தோட கழிமுகத்துல எண்ணெய் பரவி வலையும் படகும் நாசமானது பிழைப்பு போன துயரம்; பெரிய துயரம், ஆனா வேற தாள்ல வரணும். 2004 சுனாமியைத் தனியா கேட்க வேண்டாம். உங்க வயசுக்காரங்களில் கொஞ்சப் பேர் அப்போ சின்னக் குழந்தை, மீதிப் பேர் பிறக்கவே இல்லை. அது அவங்க அம்மாவோட நினைவு.

#11 காலடிப்பேட்டை_காபி

களத்து விஷயம் யாரும் பேசலை, நான் சொல்லிடறேன்.

ஒரே அறை வீடு. அம்மா பக்கத்துல உட்கார்ந்து "இவனுக்கு என்ன பயம், ஊரையே வித்துருவான்"னு பதில் சொல்வாங்க. அந்தத் தாள் செல்லாது. ரெண்டு பேராப் போங்க. ஒருத்தர் அம்மாகிட்ட வீட்டுக் கணக்குத் தாளைக் கேட்கட்டும், இன்னொருத்தர் பையனோட மொட்டை மாடியோ கேரம் கிளப் திண்ணையோ தேடட்டும். பெண்களிடம் பெண்தான் கேட்கணும். காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடியே ஏலம் ஆரம்பிச்சுடும், ஞாயித்துக்கிழமை கூட்டம் நெரியும், அன்னிக்குப் போகாதீங்க. பொம்பளைங்களுக்கு சாதாரண நாள்ல 11லேர்ந்து 3, அதுவும் தண்ணி லாரி வராத நேரமாப் பாத்து.

வரிசை: முதல்ல ஸ்பின், அப்புறம் பி.எச்.க்யூ., கடைசியா பி.சி.எல். மனவடுவை முதல்ல தொட்டா மீதி எல்லாம் அந்தக் கலக்கத்துல ஏறும். முடிச்ச உடனே எழுந்து வராதீங்க. காலேஜ், மேட்ச் ஏதாவது அஞ்சு நிமிஷம் பேசிட்டுக் கிளம்புங்க. நிகழ்ச்சியை விவரமா விவரிக்கச் சொல்லாதீங்க. "மனசுல இருக்கிறதெல்லாம் கொட்டிடு"ன்னு ஒரே உட்காரலில் பேச வைக்கிறது பலன் தரலைன்னு ஆய்வுகள் காட்டியாச்சு, உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம்னுதான் சொல்லுது.

பி.எச்.க்யூ. 9ஆவது வரி, செத்துடலாம்ங்கிற எண்ணம். அதுல 0 தவிர எது விழுந்தாலும் தாளை மூடிட்டு நேராக் கேளுங்க: எண்ணம் மட்டுமா, வழி யோசிச்சாச்சா, கையில் இருக்கா, எப்போ. வழியும் நேரமும் சொன்னா அவரைத் தனியா விட்டுட்டு வரக் கூடாது. கூட ஒருத்தர் இருக்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி. யாருக்கு போன் பண்ணணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்கணும். வாரக் கடைசியில் உட்கார்ந்து தாள் எண்ணும்போதுதான் அந்த வரியைப் பார்க்கிறீங்கன்னா நீங்க ஆய்வே பண்ணக் கூடாது.

கையெழுத்து: ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி தகவல் தாள் ஒரு பிரதி அவங்க கையில் இருக்கணும். படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டி, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி முன்னால கைநாட்டு. குழு லோன்ல கையெழுத்துப் போட்டு மாட்டினவங்க நிறைய. கைநாட்டு வாங்கறதுக்கு முன்னாடி ரேஷன் கார்டு, ஆதார் நம்பர் எதுவும் வேண்டாம்னு வாயால சொல்லுங்க.

#12 மின்ட்_முனை

அக்கா, அதிக மதிப்பெண் வந்தவர்கள் "சரி, இதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டால்?

#13 காலடிப்பேட்டை_காபி

டெலி-மானஸ் (அரசு மனநல உதவி எண்) 14416, ராப்பகலா தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. நேர்ல போகணும்னா ராயபுரம் பக்கத்துக்கு ஸ்டான்லி மனநலப் பிரிவு. கீழ்ப்பாக்கம்னு சொன்ன உடனே மூஞ்சி திரும்பிக்கும். 1794லேர்ந்து வர்ற ஆஸ்பத்திரி, நல்ல ஆஸ்பத்திரி, ஆனா "கீழ்ப்பாக்கம் கேஸு"ங்கிறது இந்த ஊர் வசவு. ஸ்டான்லின்னா காய்ச்சலுக்கும் போற இடம். நீங்க கொடுத்தனுப்பற சீட்டுல நோய்ப் பேர் எழுதாதீங்க.

#14 ஓ.பி._வரிசை

சிகிச்சை என்னன்னு கேட்டா, பிரிட்டனோட நைஸ் (சிகிச்சைத் தரம் சொல்ற அரசு அமைப்பு) வழிகாட்டி 2013ல் முதல் இடம் கொடுத்தது தனிநபர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (நினைப்பையும் நடத்தையையும் மாத்திப் பாக்கற பேச்சுச் சிகிச்சை). கிளார்க் முறைன்னா 90 நிமிஷ அமர்வு, 14 வரை, சுமார் நாலு மாசம். மாத்திரைதான் வேணும்னு சொல்றவங்களுக்கு எஸ்சிட்டலோபிராம் அல்லது செர்ட்ரலின், டாக்டர் எழுதி.

அந்தப் பேச்சுச் சிகிச்சை எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு டீ கிளாஸை வெச்சே காட்டலாம். கை நடுங்கும்னு பயப்படற ஆள் என்ன பண்றார்? பாதி கிளாஸ்தான் வாங்குறார், ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிக்கிறார், முழங்கையை விலாவோட ஒட்டிக்கிறார், யாரும் பாக்காதப்ப ஒரே மடக்கு. இதுக்குப் பேர் பாதுகாப்புச் செயல். தசையை இறுக்கினா நடுக்கம் கூடத்தான் செய்யும். குடிச்சு முடிச்சதும் "இறுக்கிப் பிடிச்சதாலதான் தப்பிச்சேன்"னு நம்புவார். அதனால நூறு தடவை டீ குடிச்சாலும் பயம் போறதில்லை. "போய்ப் பழகு, சரியாயிடும்"ங்கிற அறிவுரை தோக்கறது இங்கதான்.

பரிசோதனை ரெண்டு சுற்று. முதல் சுற்று வழக்கம் போல: இறுக்கம், கவனம் கை மேல. ரெண்டாவது சுற்று முழு கிளாஸ், விளிம்பைப் பிடிச்சு ஒரு கை, தளர்வா. கவனம் மாஸ்டர் டீ ஆத்தறதுல, பெஞ்ச்ல யார் என்ன பேசறாங்கங்கிறதுல. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னாடி எழுதணும்: என்ன நடக்கும், எத்தனை சதம் நம்பறேன். பின்னாடி எழுதணும்: பதற்றம் 0–100, வெளியே தெரிஞ்சிருக்கும்னு தோணினது 0–100, கண்ணால பாத்தது என்ன, எத்தனை பேர் திரும்பினாங்க. ரெண்டு சுற்றையும் பக்கத்துல வெச்சுப் பாக்கும்போதுதான் விஷயம் விளங்கும்.

அடுத்த படி வீடியோ. போட்டுக் காட்டறதுக்கு முன்னாடி, "கை எவ்வளவு ஆடியிருக்கும், ஆட்டிக் காட்டுங்க"ன்னு கேட்டு அதையும் பதிவு பண்ணணும். அப்புறம் வேற யாரையோ பாக்கற மாதிரி பாக்கணும். இந்த முன்தயாரிப்பு இல்லாம போட்டா, பாக்கும்போதே பழைய படபடப்பு வந்து "பாருங்க, ஆடுது"ன்னுடுவாங்க.

எச்சரிக்கை: #8ல ரெண்டாவது வகைக்கு, "ஏரியா பேரைச் சொல்லிப் பாரு, ஒண்ணும் ஆகாது"ன்னு பரிசோதனை வைக்காதீங்க. ஆகும். அங்கே செய்ய வேண்டியது வேற: எப்போ சொல்றது, கேட்டா என்ன பதில், யாரைக் கூடக் கூட்டிட்டுப் போறது.

#15 கொண்டித்தோப்பு_கேரம்

சாவு வீட்டுல இருநூறு பேர் முன்னாடி கானா பாடற பையன் பேங்க் கவுண்டர்ல வாயே திறக்க மாட்டான். அவன் எதுல சேர்த்தி?

#16 ஓ.பி._வரிசை

டி.எஸ்.எம். 5ல மேடையில் மட்டும் பயம்னு ஒரு துணைவகை உண்டு. இவன் அதுக்கு நேர் எதிர். கானாவுல மெட்டு, தாளம், அவன் இடம் எல்லாம் முன்னாடியே தீர்மானம். கவுண்டர்ல எதிராளி என்ன கேட்பான்னு தெரியாது. லீபோவிட்ஸ்ல செயல் காட்டும் சூழல் 13, பழகும் சூழல் 11னு பிரிச்சிருக்கறது இதுக்குத்தான். மொத்தத்தை மட்டும் போட்டா இந்தப் பையன் சராசரியில காணாமப் போயிடுவான். ஆனா அவனுக்கும் "என்ன ஆகும்னு நெனைக்கிறே?"ன்னு கேட்காம முடிவு பண்ண மாட்டேன். "சலானை தப்பா எழுதிடுவேன், சிரிப்பாங்க"ன்னு சொல்றானா, "லைன்ல நிக்க வெச்சு விரட்டுவாங்க"ன்னு சொல்றானான்னு பாக்கணும்.

#17 மின்ட்_முனை

தாளைத் திருத்திவிட்டேன். தலைப்பு: "நாலு பேர் முன்னாடி பேசிப் பழகறது பற்றி சில கேள்விகள்". பயத்துக்கு "உள்ளுக்குள்ள உதறல்". துணைக் கேள்வி: "அங்கு சென்றால் என்ன நேரும் என்று எண்ணுகிறீர்கள்?"

#18 சொல்லுளி

தலைப்பு ஓகே. "உதறல்" நல்ல சொல், ஆனா குளிர் ஜுரத்துக்கும் அதையே சொல்றாங்க. "ஆளுங்களைப் பாத்தா வர்ற உதறல்"னு முன்னால ஒட்டுங்க. துணைக் கேள்வியை மட்டும் ஏன் தம்பி மேடைத் தமிழாக்கினீங்க? பதிலும் மேடைத் தமிழ்லதான் வரும். "அங்க போனா என்ன ஆவும்னு நெனைக்கிற?" அவ்வளவுதான். வயசுல பெரியவங்களா இருந்தா "நெனைக்கிறீங்க".